வடிகட்டி ஏழு, காது இரண்டு!

பாட்டுக் கேட்பது எளிது. பாட்டுக் கேட்கும் பெட்டியை வாங்குவதுதான் கடினமாகி விட்டது!

முன்பெல்லாம் ரேடியோவில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று சத்தத்துக்கு. மற்றொன்று நிலையத்துக்கு. திருப்பினால் பாட்டு வரும். வீடே உட்கார்ந்து கேட்கும்.

இப்போது பாட்டெல்லாம் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. அதை நல்ல ஒலிபெருக்கியில் கேட்பதற்கு ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். அதற்கு "டி.ஏ.சி." என்று பெயர். எண்களை ஒலியாக மாற்றித் தரும் பெட்டி அது.

பெட்டியை வாங்கி வந்து திறந்தால், அது நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. "எந்த வடிகட்டி வேண்டும்?" என்கிறது. சில பெட்டிகளில் ஐந்து வகை. சில பெட்டிகளில் ஏழு வகை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

அப்பா ஒன்று சொல்லுகிறார். மகன் ஒன்று சொல்லுகிறான். கடைக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லுகிறார். பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர்கள், பாட்டை விட்டுவிட்டுக் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். "ஷார்ப்" என்று எழுதியிருக்கும் வடிகட்டியை வையுங்கள். பிறகு அந்தப் பக்கமே போகாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால், வீட்டிலேயே ஒரு சோதனை நடத்துங்கள். அதில் உங்கள் காது தேறினால் மாற்றுங்கள்.

ஏன் இப்படிச் சொல்லுகிறேன்? காரணத்தைப் பார்ப்போம்.

பாட்டு எண்ணாவது எப்படி?

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு வினாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதைக் கணக்கிட்டு, இத்தனை "ஹெர்ட்ஸ்" என்று சொல்லுவார்கள். குறைவாக அதிர்ந்தால் தடித்த ஒலி. வேகமாக அதிர்ந்தால் மெல்லிய, கீச்சென்ற ஒலி.

மனிதக் காதுக்கு 20 முதல் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் நமக்குக் கேட்காது. நாய்க்குக் கேட்கும். வவ்வாலுக்குக் கேட்கும்.

1982-ம் ஆண்டு, ஜப்பானின் சோனி நிறுவனமும் ஹாலந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய "சி.டி." தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் பாட்டு எண்களாக எழுதப்பட்டிருந்தது. ஒரு வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதினார்கள்.

மூன்று நிமிடப் பாட்டு ஒன்றில் எத்தனை எண்கள் தெரியுமா? ஒரு காதுக்கு மட்டும் 79 லட்சத்து 38 ஆயிரம்! இன்றைக்கும் பெரும்பாலான பாட்டுகள் இந்த 44,100 கணக்கில்தான் வருகின்றன.

"எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே இருந்த ஒலி என்ன ஆயிற்று? அது தொலைந்து போயிற்றா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி.

தொலையவில்லை. அளக்கும் எண்ணிக்கையில் பாதிக்குள் அடங்கும் அதிர்வுகளை, ஒரு துளியும் குறையாமல் திரும்ப வரைந்துவிடலாம். இதைக் கணக்குப் போட்டு 1949-ம் ஆண்டு எழுதினார் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். 44,100-ல் பாதி 22,050. நம் காதின் எல்லை 20 ஆயிரம். ஆகவே காதுக்கு வேண்டியது எல்லாம் அதற்குள் அடங்கி விடுகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. திரும்ப வரையும்போது நடுவே ஒரு வடிகட்டி வேண்டும். அது இல்லாவிட்டால் தொல்லை.

நிழல் ஒலி

எண்களை அப்படியே மின்சாரமாக மாற்றினால், உண்மையான ஒலியோடு அதன் நிழலும் சேர்ந்து வரும். நிழல் எங்கே விழும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 44,100-லிருந்து கழித்தால் போதும்.

பாட்டில் 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலி ஒன்று இருந்தால், அதன் நிழல் 24,100-ல் விழும்.

"24,100 நம் காதுக்குக் கேட்காதே! பிறகு என்ன கவலை?" என்று தோன்றும்.

நேராகக் கேட்காது. ஆனால் அந்த நிழல், ஆம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது. அங்கே உண்மையும் நிழலும் மோதினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புதிய ஒலியாகப் பிறக்கக்கூடும். 24,100-ல் 20 ஆயிரம் போனால் 4,100. இது நன்றாகக் கேட்கக்கூடிய ஒலி! பாடகர் பாடாதது. வாத்தியக்காரர் வாசிக்காதது.

அதனால்தான் வடிகட்டி வைத்தார்கள். காப்பித் தூள் டம்ளருக்குள் வராமல் வடிகட்டி தடுக்கிறது அல்லவா? அதுபோல், நிழல் ஒலி ஒலிபெருக்கிக்குள் போகாமல் இது தடுக்கிறது.

இதன் வேலை சாதாரண வேலை அல்ல. 20 ஆயிரத்தை உள்ளே விட வேண்டும். 24,100-ஐத் தடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு.

இரண்டு நிறுவனம், இரண்டு வழி

1982-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, ஜப்பானில் சோனியின் "சி.டி.பி. 101" என்ற பெட்டி கடைக்கு வந்தது. அதில் மின் உறுப்புகளை வரிசையாகக் கோத்து, செங்குத்தான ஒரு வடிகட்டியைச் செய்திருந்தார்கள்.

பிலிப்ஸ் வேறு வழியில் போனது. மின்சாரமாக மாற்றுவதற்கு முன்பே, எண்ணாக இருக்கும்போதே வடிகட்டினார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே புதிய எண்களைக் கணக்கிட்டுச் செருகி, 44,100-ஐ நாலு மடங்காக, அதாவது 1,76,400 ஆக ஆக்கினார்கள். நிழல் வெகு தூரத்துக்குத் தள்ளப்பட்டது. மிஞ்சியதை வடிகட்டச் சின்ன வடிகட்டியே போதும்.

எண்ணிலேயே வடிகட்டும் இந்த முறைதான் பிறகு எங்கும் பரவியது. இன்று உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும் வடிகட்டியும் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

அப்படியானால், ஒன்று போதாதா? ஏன் ஏழு?

சுவரும் சரிவும்

எந்த வடிகட்டியும் முழுக்க முழுக்க நல்லது செய்வதில்லை. ஒன்றைக் கொடுத்தால், வேறொன்றை எடுத்துக்கொள்ளும். ஏழு பெயர் இருந்தாலும், அடிப்படை சில வகைகள்தான்.

முதல் வகை "ஷார்ப்" அல்லது "பாஸ்ட்". இது சுவர் மாதிரி. 20 ஆயிரம் வரை எல்லாவற்றையும் உள்ளே விடும். அதைத் தாண்டியதும் சட்டென்று தடுத்து நிறுத்தும்.

இரண்டாவது வகை "ஸ்லோ". இது சரிவு மாதிரி. 20 ஆயிரத்தை எட்டும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கும். 22 ஆயிரத்தைத் தாண்டிய பிறகும் கொஞ்சம் நிழலை உள்ளே விடும். மிக உயர்ந்த ஒலிகள் சற்று மங்கும்.

மூன்றாவது வகை, வடிகட்டியே வேண்டாம் என்று விட்டுவிடுவது. "நாஸ்" என்று சொல்லுவார்கள். இதில் நிழல் அப்படியே வரும். 44,100 கணக்கில் உள்ள பாட்டில், 20 ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒலி மூன்று டெசிபலுக்கு மேல் குறைந்தும் போகும்.

சரி, சுவர்தானே நல்லது? எதற்காகச் சரிவை வைத்தார்கள்?

சுவருக்கும் ஒரு குறை உண்டு. மணியை ஒரு தட்டுத் தட்டினால், தட்டிய பிறகும் கொஞ்ச நேரம் ரீங்காரம் கேட்கும் அல்லவா? செங்குத்தான வடிகட்டியிலும் அப்படி ஒரு ரீங்காரம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், "லீனியர் பேஸ்" என்ற வகையில், பாதி ரீங்காரம் தட்டுவதற்கு முன்பே வந்து விடும்!

"தட்டும் முன்பே சத்தமா? இயற்கையில் இல்லாத காரியமாக இருக்கிறதே!" என்று சிலர் பதறினார்கள். அவர்களுக்காக "மினிமம் பேஸ்" என்ற வகை வந்தது. இதில் ரீங்காரம் முழுவதும் தட்டிய பிறகுதான் வரும். ஆனால் இதற்கும் விலை உண்டு. மிக உயர்ந்த ஒலிகள், மற்ற ஒலிகளைவிட இம்மியளவு தாமதமாக வந்து சேரும்.

சுவரா, சரிவா? ரீங்காரம் முன்னாலா, பின்னாலா? இந்த இரண்டு கேள்விகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால், நாலு வடிகட்டி வந்து விடுகிறது. கொஞ்சம் கலப்படம் செய்தால் ஏழு!

படத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் ஒரு படம் போட்டிருப்பார்கள். நடுவில் ஓர் ஊசி நிற்கும். அதன் இரண்டு பக்கமும் அலை அலையாக இருக்கும். "இதுதான் ரீங்காரம்" என்பார்கள். பார்த்தால் பயமாக இருக்கும்.

இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும்.

ஒன்று: அந்த ரீங்காரம் ஏறக்குறைய 22 ஆயிரம் ஹெர்ட்ஸில் நிகழ்கிறது. அது நம் காதின் எல்லைக்கு வெளியே இருக்கிறது.

இரண்டு: அந்த ஊசி பாட்டே அல்ல. எல்லா எண்ணும் பூஜ்யமாக இருக்க, நடுவில் ஒரே ஓர் எண் மட்டும் உச்சிக்குத் தாவினால் என்ன ஆகும் என்று செய்து பார்க்கும் சோதனை அது. ஒழுங்காகப் பதிவு செய்த பாட்டில் அப்படி ஓர் ஊசி வராது. ஏனென்றால் பதிவு செய்யும் இடத்திலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது.

ஆகவே, படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு, "என் பாட்டுக் கெட்டுப் போகிறது" என்று முடிவு கட்டக் கூடாது. பாட்டுக்குக் காதுதான் நீதிபதி. கண் அல்ல!

ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். "காது கேட்காவிட்டாலும் மனம் உணரும்" என்பவர்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சிகள் என்ன சொல்லுகின்றன?

2007-ம் ஆண்டு அமெரிக்காவில் மேயர், மோரான் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். உயர்தர ஒலியை நேராக ஒரு முறை கேட்கச் செய்தார்கள். நடுவே சி.டி. தரத்துக்குக் குறைத்து ஒரு முறை கேட்கச் செய்தார்கள். குறைக்கும்போது வடிகட்டிகளும் நடுவே வந்து விடும். "எது எது என்று சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில், 276 முறை சரியாகச் சொன்னார்கள். ஏறக்குறைய சரிபாதி. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலும் இதே பலன்தான்!

2014-ம் ஆண்டு இங்கிலாந்தின் மெரிடியன் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். நல்ல அறை, நல்ல ஒலிபெருக்கி, பழகிய காது இவை இருந்தால், வடிகட்டியின் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது என்றார்கள்.

2016-ம் ஆண்டு லண்டனில் பேராசிரியர் ஜோஷ்வா ரைஸ், உயர்தர ஒலியையும் சி.டி. தர ஒலியையும் ஒப்பிட்ட 18 ஆராய்ச்சிகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். 100-க்கு 52 முறைதான் சரியான விடை வந்திருந்தது. பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய 60 முறை சரியாகச் சொன்னார்கள்.

இவற்றிலிருந்து என்ன தெரிகிறது? வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இருந்தால், அது மிக மிகச் சிறியது. பயிற்சி பெற்ற காதுக்கே அரைகுறையாகத் தெரிகிற ஒன்று. குக்கர் விசில் அடிக்கும் வீட்டில், மின்விசிறி ஓடும் கூடத்தில், அது எப்படித் தெரியும்?

வடிகட்டிக்கு வேலையே இல்லாத பாட்டு

இன்னொரு செய்தி. வடிகட்டியின் சண்டையெல்லாம் 20 ஆயிரம் ஹெர்ட்ஸை ஒட்டித்தான் நடக்கிறது. உங்கள் பாட்டில் அவ்வளவு உயர்ந்த ஒலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எப்.எம். ரேடியோவில் ஒலி 15 ஆயிரத்தோடு நிறுத்தப்படுகிறது. 128 என்ற அளவில் சுருக்கிய எம்.பி.3 பாட்டில், பொதுவாக 16 ஆயிரத்துக்கு மேல் வெட்டி விடுகிறார்கள். பழைய கிராமபோன் தட்டிலிருந்து எடுத்த சினிமாப் பாட்டிலோ, அவ்வளவு உயரத்தில் இரைச்சல் இருக்குமே தவிர, பாட்டு இருக்காது.

இவற்றை வைத்துக்கொண்டு வடிகட்டியை மாற்றுவது, தண்ணீர் வராத குழாய்க்கு வடிகட்டி தேடுவது போன்றது.

96 ஆயிரம் என்று எழுதியிருக்கும் உயர்தரப் பாட்டிலோ, எல்லை 48 ஆயிரத்துக்குப் போய்விடுகிறது. வடிகட்டியின் வேலை நம் காதைத் தாண்டி வெகு தூரத்தில் நடக்கிறது. அங்கும் கவலை இல்லை.

வீட்டில் யார் நீதிபதி?

வயது ஏற ஏற, உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் சக்தி குறைகிறது. இது நோய் அல்ல. இயற்கை. 50 வயதைத் தாண்டிய பலருக்கு 15 ஆயிரம் ஹெர்ட்ஸ் கேட்பதே அரிது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெட்டியை வாங்குகிறவர் அப்பா. வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பவரும் அப்பா. ஆனால் 17 ஆயிரம், 18 ஆயிரம் எல்லாம் கேட்பது வீட்டில் பத்து வயதுப் பெண்ணுக்குத்தான்! உயர்ந்த ஒலியைப் பற்றி வழக்கு வந்தால், நீதிபதி நாற்காலியில் அவளைத்தான் உட்கார வைக்க வேண்டும்.

ஆகவே சோதனையைக் குடும்பத்தோடு நடத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் நல்ல விளையாட்டாகவும் இருக்கும்.

ஜால்ராவோ சலங்கையோ நன்றாக ஒலிக்கும் பாட்டு ஒன்றை எடுங்கள். சுருக்காத பாட்டாக இருக்கட்டும். சத்தத்தை ஒரே அளவில் வையுங்கள். நடுவில் தொடாதீர்கள். ஏனென்றால், கொஞ்சம் சத்தம் கூடினாலே "இதுதான் நன்றாக இருக்கிறது" என்று மனம் சொல்லிவிடும்.

சுவர் வகை ஒன்று, சரிவு வகை ஒன்று என இரண்டு வடிகட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்பவர் முதலில் இரண்டையும் பெயரோடு கேட்டுப் பழகட்டும். பிறகு பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும். மற்றொருவர் காசைச் சுண்டட்டும். பூ விழுந்தால் சுவர். தலை விழுந்தால் சரிவு. எதை வைத்தார் என்று வாயைத் திறக்கக் கூடாது. கேட்பவர் சொல்லுவதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இப்படி 16 முறை செய்யுங்கள்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே எட்டு சரியாக இருக்கும். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், உண்மையிலேயே வித்தியாசம் கேட்கிறது என்று நம்பலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் 12 வருவது, நூற்றுக்கு நாலு தடவைதான்.

12 வந்தால், பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. சரிவு வகை பிடித்திருந்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. வராவிட்டால், ஷார்ப் வகையை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். பதிவில் இருப்பதைக் குறைக்காமல் தருவதும், நிழலை உள்ளே விடாததும் அதுதான்.

எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்

"எங்கள் பெட்டியில் ஏழு வடிகட்டி" என்று விளம்பரம் செய்கிறார்கள். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

பெரும்பாலான பெட்டிகளில், இந்த வடிகட்டிகளைச் செய்தது பெட்டியின் நிறுவனம் அல்ல. உள்ளே இருக்கும் "சிப்" என்ற சில்லிலேயே அவை வந்துவிடுகின்றன. ஜப்பானின் ஏ.கே.எம்., அமெரிக்காவின் ஈ.எஸ்.எஸ். போன்ற சில நிறுவனங்கள்தான் அந்தச் சில்லுகளைச் செய்கின்றன. ஒரே சில்லு மலிவான பெட்டியிலும் இருக்கும். விலை உயர்ந்த பெட்டியிலும் இருக்கும். ஒரே சில்லு என்றால், வடிகட்டிப் பட்டியலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

2020-ம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் நோபியோகா நகரில் ஏ.கே.எம். தொழிற்சாலை தீப்பிடித்தது. சில்லு கிடைக்கவில்லை. பெட்டி செய்யும் பலர் வேறு சில்லுக்கு மாறினார்கள். வடிகட்டிகளின் பெயர்ப் பட்டியலும் மாறிவிட்டது. பாட்டுக் கேட்பது நின்றுபோகவில்லை!

பெட்டி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. படம் போட்டால் போதாது. "எது வேண்டும் என்று தெரியாவிட்டால் இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று, எளிய சொல்லில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். வாங்குகிறவனைக் குழப்பிவிட்டு, அதற்குச் "சுதந்திரம்" என்று பெயர் வைப்பது சரியல்ல.

முக்கியமான குமிழ் எது?

வடிகட்டிக்குச் செலவிடும் நேரத்தை ஒலிபெருக்கிக்குச் செலவிடுங்கள். மூலையில் முடங்கிக் கிடக்கும் ஒலிபெருக்கியைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வையுங்கள். இரண்டும் உங்களுக்குச் சம தூரத்தில் இருக்கட்டும். வெறும் சுவரில் மோதி எதிரொலி வந்தால், திரைச்சீலை தொங்க விடுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள். இந்த வித்தியாசத்தைக் கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். பாட்டிக்கும் கேட்கும், பேரனுக்கும் கேட்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமான குமிழ், சத்தக் குமிழ்தான்.

பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் பாட்டுக் கேட்டால், சத்தம் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு மேல் சத்தம் கூடக் கூட, கேட்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

தவறான வடிகட்டியை வைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். தவறான சத்தத்தில் ஆண்டுக்கணக்கில் கேட்டால், காதுக்குள் இருக்கும் நுண்ணிய உணர்வணுக்கள் செத்துப்போகும். அவை திரும்ப முளைப்பதில்லை.

பெட்டி கெட்டால் வேறு பெட்டி வாங்கலாம். காது கெட்டால், எந்தக் கடையில் வாங்குவது?